வண்டி எடுக்கும் வரை அவள் இடம்

விழுப்புரம் ஜங்ஷனில் மழை பிடித்துக்கொண்டது. ஆடி மாதத்துச் சாயங்கால மழை. கொஞ்ச நேரம் கொட்டிவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓய்ந்துவிடும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நடைமேடையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் லேடீஸ் பெட்டிக்குள் ஏறிவிட்டார்கள். ஷட்டர்களை இறக்கிவிட்டதில் உள்ளே அரை இருட்டு. நனைந்த புடவை, மல்லிகைப்பூ, யாரோ பையில் வைத்திருந்த அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை, எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்து இடத்தில் ஒரு கர்ச்சீப் கிடந்தது. வெள்ளைத் துணி, அதில் பொடிப்பொடியாக நீலப் புள்ளி.

மல்லாட்டைப் பைக்காரம்மா நின்றபடியே தலையிலிருந்த துண்டை எடுத்துப் பிழிந்தார். கர்ச்சீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, இந்த எடத்துக்கு ஆளு வருதா, வராதா?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோமதி ஏறினாள். வலது காலில் துணிக் கட்டு. குடையைக் கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டு, இரண்டு பேரை இடித்துக்கொண்டு வந்து, வேறு போக்கிடம் இல்லாமல் என் எதிரிலேயே நின்றாள். நானும் அவளும் பேசிக்கொள்ளாமல் இருந்த நாட்கள் அவை.

ஆள் வராது என்பது எனக்குத் தெரியும். கர்ச்சீப்புக்குச் சொந்தக்காரி பல வாரமாக பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். அது கோமதிக்கும் தெரியும்.

என்ன பதில் சொல்லப்பட்டது என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரம் இந்தப் பகுதியில் மிக்ஸி கதையை நடுவில் விட்டுவிட்டு எங்கெங்கோ சுற்றினேன் என்று செஞ்சி வாசகி ஒருவர் கோபித்துக்கொண்டார். இந்த வாரமும் சுற்றுவேன். திரும்பி வந்துவிடுவேன், பயப்பட வேண்டாம்.

நான்கெல்லை

திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு விழுப்புரத்தில் வேலை பார்ப்பவள் நான். ஒரு பத்திர எழுத்தர் கடையில் டைப் அடிப்பது என் பிழைப்பு. முன்பு மிஷின், இப்போது கம்ப்யூட்டர். மிஷின் போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது. விரல் வலி போயிற்று.

கிரயப் பத்திரத்தில் எனக்குப் பிடித்த இடம் நான்கெல்லை. இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு, பொது வழிக்கு வடக்கு என்று வரும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தன் நிலம் எங்கே இருக்கிறது என்று சொல்ல, பக்கத்து நிலத்துக்காரர் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வானூர்ப் பக்கத்துப் பத்திரங்களில் ஒரே சொத்தைச் சுற்றி அப்துல் சலாம் ஒரு பக்கம், சவரிமுத்து ஒரு பக்கம், ஏழுமலை ஒரு பக்கம் நிற்பார்கள். அடித்து அடித்து இது என் கைக்கே பழகிவிட்டது.

அதனாலோ என்னவோ, அந்த வருஷத்துப் பாராளுமன்றத் தேர்தல் சமயத்தில் மேடைக்கு மேடை பேசப்பட்டதைக் கேட்கக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. நாட்டில் ஒரு சாரார் ஒண்ட வந்தவர்கள், அவர்களை அடக்கி வைக்க வேண்டும் என்கிற மாதிரிப் பேச்சு. நான் கட்சிக்காரி இல்லை. ஓட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கிற ரகம். ஆனால் அந்தத் தடவை மட்டும், யார் ஜெயித்தாலும் பரவாயில்லை, இந்தப் பேச்சு தோற்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

தோற்கவில்லை. நாடு முழுக்க அதுதான் ஜெயித்தது.

ஓட்டு எண்ணிய அன்று டிவியை மத்தியானமே அணைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். "நம்ம தொகுதியில நீ போட்ட ஆளுதானே ஜெயிச்சாரு, அப்புறம் ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்க?" என்றார். அவருக்கு நாடு என்பது விக்கிரவாண்டி டோல்கேட்டோடு முடிந்துவிடும். அன்று வைத்த குழம்பில் உப்பே இல்லை. வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. என் மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துவிடாதீர்கள், பயம்தான்.

கர்ச்சீப் சட்டம்

சாயங்காலப் பாசஞ்சர் விழுப்புரத்திலிருந்தே கிளம்புகிற வண்டி. கிளம்புவதற்கு வெகு நேரம் முன்பே காலிப் பெட்டியாக வந்து நின்றுவிடும். முதலில் வருகிறவர்கள் பின்னால் வருகிறவர்களுக்கு இடம் போட்டு வைப்பார்கள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிக்கிற ஆட்கள்தானே நாம் எல்லோரும். ஆனால் எங்கள் மூன்று பேருக்கு இதில் தனிச் சட்டம் இருந்தது.

மூன்று பேர் என்றால் நான், கோமதி, மும்தாஜ்.

கோமதி என் வயசுக்காரி. ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ஒரு பார்சல் ஆபீஸில் வேலை. அவள் வாய்க்கு லீவே கிடையாது. வண்டியில் ஒரு கைக்குழந்தை அழுதால் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அதன் தாய்க்கு வளர்ப்பு முறை பற்றிப் பாடமும் எடுப்பாள். மும்தாஜ் எங்களைவிட இளையவள். கோட்டக்குப்பத்தில் பிறந்து திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் மேட்சிங் ப்ளவுஸ் கவுன்டர் அவளுடையது. திண்டிவனத்துப் பெண்கள் காலையில் சீக்கிரம் வந்து கடை திறக்கிறார்கள் என்பதால் சாயங்காலம் ரயிலுக்கு விட்டுவிடுவார்கள்.

எங்களுக்கு ஆளுக்கொரு கர்ச்சீப் தைத்துக் கொடுத்தது மும்தாஜ்தான். கடையில் மிஞ்சிய பிட்டுத் துணியை வாங்கி, வீட்டில் ஓரம் அடித்துக் கொண்டுவந்தாள். கோமதிக்குப் பெரிய பெரிய ரோஜாப்பூ. எனக்குக் காப்பிக் கலரில் கட்டம். ஏன் எனக்கு மட்டும் இப்படி ஒரு கலர் என்று கேட்டதற்கு, "உங்க மூஞ்சிக்கு இதான்க்கா மேட்சிங்" என்றாள். தனக்கு வெள்ளையில் நீலப் புள்ளி வைத்துக்கொண்டாள்.

மூன்றும் கோமதியின் கைப்பையில்தான் இருக்கும். எப்போதும் முதலில் வருகிறவள் அவள். வரிசையாக மூன்றையும் போட்டுவிட்டு, ஒற்றை ஆளாக மூன்று இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். திண்டிவனத்தில் இறங்கியதும் நானும் மும்தாஜும் எங்கள் கர்ச்சீப்பை மடித்து அவள் கையில் கொடுத்து, "நாளைக்குப் போட்டு வை" என்போம். மும்தாஜ் மட்டும் மரியாதையாக "வைங்கக்கா" என்பாள். போய் வருகிறேன் என்று நாங்கள் தனியாகச் சொல்லிக்கொண்டதே இல்லை.

சட்டம் இதுதான். வண்டி எடுக்கும் வரைதான் இடம் பிடித்து வைக்கலாம். எடுத்த பிறகும் ஆள் வராவிட்டால் நிற்கிறவர்கள் உட்காரலாம். இன்னொன்று, சண்டையாக இருந்தாலும் இடம் போட்டாக வேண்டும்.

அந்த இரண்டாவது சட்டம் என் பட்டுப்புடவையால் வந்தது. கோமதி அதை ஒரு கல்யாணத்துக்கு வாங்கிக்கொண்டு போய், முந்தானையில் ரசத்தோடு திருப்பிக் கொடுத்தாள். ரசம் கொட்டியதைக்கூட விட்டிருப்பேன். "இது முன்னாடியே இருந்துச்சு" என்றாளே, அதுதான். ஒரு மாசம் போல நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மாசம் முழுக்க என் இடத்தில் காப்பிக் கலர் கர்ச்சீப் கிடந்தது. கடுப்போடு வீசித்தான் போட்டிருப்பாள். ஆனால் போட்டாள்.

மும்தாஜ் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இவங்க மணி கேட்கிறாங்க, அவங்க தண்ணி வேணுமான்றாங்க என்று இரண்டு பக்கமும் தபால்காரர் வேலை பார்த்தாள். கடைசியில் புடவையை வாங்கிக்கொண்டு போய் எதையோ போட்டுக் கறையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கறை போன பிறகு எதை வைத்துச் சண்டை போடுவது? பேசிக்கொண்டோம்.

லட்டு

முடிவு வந்த மறுநாள் கோமதி ஒரு டப்பா லட்டோடு வண்டியில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஓட்டு எந்தப் பக்கம் என்பது எங்களுக்குப் பல வருஷமாகத் தெரியும். ஜெயித்தவர்கள் லட்டு கொடுப்பதும், தோற்றவர்கள் அதை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பதும் நடக்கிற காரியம்தான். நான் வாங்கித் தின்றேன். மும்தாஜும் வாங்கினாள். வீட்டில் பெண்ணுக்குக் கொடுக்கிறேன் என்று டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டாள். முண்டியம்பாக்கம் வந்தபோது சர்க்கரை ஆலையின் புளித்த வாசனை உள்ளே வந்தது. வாயில் இருந்த இனிப்போடு அது சேர்ந்துகொண்டது, தண்ணீர் எடுத்துக் குடித்தேன். அன்று வண்டியில் நடந்தது அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போய் அடுப்பில் பால் வைப்பதற்குள் போன் கிணுகிணுத்தது. எங்கள் பெட்டிப் பெண்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. வண்டி லேட்டா, இன்றைக்கு எத்தனாவது பிளாட்பாரம், யாருடைய குடை என் பையில் இருக்கிறது, இதைத் தாண்டி அதில் ஒன்றும் வராது. அன்று கோமதி ஒரு கேலிப் படம் போட்டிருந்தாள். அதில் எழுதியிருந்ததை அப்படியே இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. மும்தாஜின் ஆட்களை எல்லாம் கப்பல் ஏற்றப் போகிறார்கள், பெட்டியைக் கட்டிக்கொள்ளுங்கள் என்கிற அர்த்தம். அதற்குக் கீழே ஒன்றிரண்டு பேர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள்.

கோமதி உடனே அதை அழித்தாள். அழித்த இடம் தெரியும்படிதானே அதில் அழியும். மும்தாஜ் குரூப்பிலிருந்து வெளியேறினாள் என்று கொஞ்ச நேரத்தில் ஒரு வரி வந்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் மும்தாஜ் வண்டிக்கு வரவில்லை. அவள் கர்ச்சீப் கிடந்தது. கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது எங்க சொந்தக்காரங்க குரூப்புக்கு அனுப்ப வேண்டியது விஜி. அவசரத்துல இதுல போட்டுட்டேன். நான் வேணும்னு பண்ணுவேனா?"

"அப்போ அதுக்குச் சரியான குரூப்புன்னு ஒண்ணு வச்சிருக்க," என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அது வெறும் ஜோக்கு என்றாள். ஊரே அனுப்புகிறது, நான் மட்டுமா என்றாள். கடைசியாக, "நான் மும்தாஜப் பத்தியா சொன்னேன்? அவ நம்ம ஆளுடி" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். "அவ நம்ம ஆளு. சரி. அவங்கம்மா யாரு? நீ கவுச்சி சாப்பிட மாட்டன்னு, பெருநாளுக்கு உனக்குன்னு தனிப் பாத்திரத்துல தேங்காச்சோறு ஆக்கி அனுப்பறாங்களே, அவங்க எந்தக் கப்பல்ல ஏறணும்?"

பெட்டியே திரும்பிப் பார்த்தது. கோமதியின் முகம் சிவந்துபோயிற்று. அவள் ரோஜாப்பூ கர்ச்சீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் என் மடியில் போட்டாள். இனிமேல் உங்கள் இடத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பெட்டியின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

ப்ளவுஸ் பிட்டு

அடுத்த நாளிலிருந்து நான் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் முடித்துக்கொண்டு, சாயங்காலம் சீக்கிரம் கிளம்பினேன். என் முதலாளி காரணம் கேட்டார். வண்டியில் இடம் போட வேண்டும் என்று உள்ளதைச் சொன்னேன். ஏதாவது பெரிய பொய்யாகச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

இரண்டு கர்ச்சீப்பையும் போடுவேன். நீலப் புள்ளியைப் பார்த்து யாராவது கேட்டால், வருகிறார்கள் என்பேன். வண்டி எடுத்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நிற்கிற யாரையாவது கூப்பிட்டு உட்கார வைப்பேன். ஒரு நாள் பிள்ளைத்தாச்சிப் பெண், ஒரு நாள் கீரைக்கூடைக்காரம்மா. சிலர் திட்டினார்கள். தினமும் வராத ஆளுக்கு என்ன இடம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் ஜன்னல் வழியே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில் படித்தவர்கள் பலர் பத்திரிகைகளில் என்னென்னவோ எழுதினார்கள். நம்பிக்கை இழக்கக் கூடாது, விழுமியங்களைக் காக்க வேண்டும் என்றெல்லாம். படிக்க நன்றாக இருந்தது. விழுமியம் என்ற சொல்லை அதுவரை நான் எந்தப் பத்திரத்திலும் அடித்ததில்லை. ஊர், உலகம், டெல்லி, எதையும் திருப்பிப் போடுகிற சக்தி எனக்குக் கிடையாது. என் கையில் இருந்தது ஒரு பெஞ்சில் ஒரு இடம். அதையும் விட்டுவிட்டால் அந்தப் பேச்சு எங்கள் லேடீஸ் பெட்டியிலும் ஜெயித்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான் என் கொள்கை.

போன் செய்தால் மும்தாஜ் எடுப்பாள். நல்லா இருக்கேங்க்கா, வேலை ஜாஸ்திக்கா என்பாள். பேச்சு அதற்கு மேல் நகராது. அதனால் நேராகக் கடைக்கே போனேன். சும்மா போக முடியாது, கடை முதலாளி பார்ப்பார். ஒரு பச்சைப் புடவையைச் சொல்லி ப்ளவுஸ் துணி கேட்டேன். அவள் கட்டுக்கட்டாகப் பச்சையை எடுத்துப் பரப்பினாள். கை வேகமாக வேலை செய்தது, கண் நிமிரவில்லை.

ஏன் வண்டிக்கு வருவதில்லை என்று கேட்டேன்.

"பஸ்ல யாரையும் எனக்குத் தெரியாதுக்கா. தெரியாதவங்க பக்கத்துல உக்காந்துக்கினு போறது ஈஸியா இருக்கு," என்றாள்.

நான் ஒரு பச்சையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவளே சொன்னாள். "கோமதிக்காவ விடுங்க. அது கீழ சிரிச்சாங்களே, அதுல ஒருத்தவங்க என் பொண்ணு பொறந்தப்ப வளையல் எடுத்துக்கினு வந்தாங்க. எதுக்குச் சிரிச்சாங்கன்னு தெரியாமலே சிரிச்சிருப்பாங்க. அதான்க்கா பேஜாரா இருக்கு."

"உன் எடத்தப் போட்டுக்கினுதான் இருக்கேன்."

"வேணாம்க்கா. நிக்கிறவங்க திட்டப் போறாங்க."

"திட்டிக்கினுதான் இருக்காங்க."

அதற்கு மட்டும் அவள் சிரித்தாள். ஒரு மீட்டர் பச்சையைக் கிழித்து மடித்துக் கொடுத்தாள். அதன் பிறகு அடிக்கடி போனேன். நீலம், மாம்பழ மஞ்சள், அரக்கு. என் பீரோவில் புடவையே இல்லாத ப்ளவுஸ் துணிகள் சேர்ந்தன. வண்டிக்கு வா என்று நான் கேட்கவில்லை. வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் கோமதி ஜங்ஷன் மேம்பாலப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள் என்று கேள்விப்பட்டேன். காலில் சதை பிசகிவிட்டதாம். அவளால் முன்போல் சீக்கிரம் வர முடியவில்லை. கோடியில் நின்றுகொண்டே போவதை இரண்டொரு நாள் பார்த்தேன். கேட்க வேண்டும் என்று மனசு சொல்லும், கால் நகராது.

இங்கேதான் எனக்கு உறுத்தல் தொடங்கியது. மும்தாஜுக்கு இடம் போட எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவளை எனக்குப் பிடிக்கும். பிடித்தவர்களுக்கு இடம் போட எந்தச் சட்டமும் வேண்டாமே. சண்டையாக இருந்தாலும் என்றல்லவா எங்கள் சட்டம்? என் புடவையில் ரசத்தைக் கொட்டிவிட்டுப் புளுகின கோமதி, அந்த மாசம் முழுக்க எனக்கு இடம் போட்டாள். அந்தக் கோமதிக்கு நான் ஒரு நாள்கூடப் போடவில்லை.

மறுபடியும் மழை

மல்லாட்டைக்காரம்மா பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார் அல்லவா?

வழக்கம்போல் வருகிறார்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஆனால் கோமதியின் முன்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. வராத ஆளுக்கு இத்தனை நாளாக இடம் போடுகிற பைத்தியக்காரி என்று அவள் சிரித்துவிடுவாளோ என்று இருந்தது. அந்த அம்மா பொறுமை இழந்து, கர்ச்சீப்பை ஓரமாகத் தள்ளக் கை நீட்டினார்.

"வர்றாங்கம்மா," என்றாள் கோமதி.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பழைய கோமதி ஒற்றை ஆளாக மூன்று இடத்துக்குச் சண்டை போடுவாளே, அதே குரல். "வண்டி எடுக்கிற வரைக்கும் அது அவங்க எடம். எடுத்தப்புறம் நீங்க தாராளமா உக்காருங்க."

அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தபடி இருந்தோம். வண்டி கிளம்ப அவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு வழியாகக் கூவிவிட்டு நகர்ந்தது.

"உக்காரு," என்றேன் கோமதியிடம். பல வாரத்துக்குப் பிறகு அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை. "வண்டி எடுத்தாச்சு, யாரு வேணா உக்காரலாம்."

அவள் நீலப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு கோணிக்கொண்டு போயிற்று. "அதுல நான் எப்படி உக்கார்றது விஜி?"

அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்ததே இல்லை. எழுந்து என் இடத்தில் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். என் காப்பிக் கலர் கட்டத்தின் மேல் அவள் உட்கார்ந்தாள். மும்தாஜின் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு, மல்லாட்டைக்காரம்மாவை அந்த இடத்தில் உட்காரச் சொன்னேன். அவருக்கு எங்கள் கூத்து எதுவும் புரியவில்லை. பையைத் திறந்து ஆளுக்கு ஒரு கை மல்லாட்டை கொடுத்தார். சூடு இன்னும் ஆறவில்லை.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வீக்கம் வற்றவில்லை என்றாள். எண்ணெய் தேய்க்காதே, ஒத்தடம் கொடு என்றேன். தேய்த்தால் என்ன என்று ஆரம்பித்தாள். முண்டியம்பாக்கம் போய், விக்கிரவாண்டி போய், பேரணி வரும் வரை எண்ணெயா ஒத்தடமா என்றுதான் சண்டை போட்டோம். அதற்குப் பிறகு அவள் மடியில் கிடந்த மல்லாட்டைத் தோலைக் கூட்டிச் சேர்த்தாள்.

"நான் அவ கடைக்குப் போவணும்," என்றாள்.

"போ."

"நீயும் கூட வாயேன்."

"நான் வரல. எங்க வீட்டு பீரோவுல இனிமே ப்ளவுஸ் பிட்டு வைக்க எடமில்ல."

மயிலம் வரை அவள் அதற்கு அர்த்தம் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் சொல்லவில்லை.

கோமதி எப்போது போனாள், அங்கே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு பேருமே சொன்னதில்லை. கோமதி வாயில் ஒரு விஷயம் தங்கியது அது ஒன்றுதான். ஒரு நாள் கண்ணெல்லாம் வீங்கிப்போய், கையில் ஒரு சிவப்பு ப்ளவுஸ் பிட்டோடு வண்டியில் ஏறினாள். நான் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அதன் பிறகு அவள் கால் சரியாயிற்று. முன்போல முதலில் வந்தாள். நான் திருப்பிக் கொடுத்த இரண்டையும் சேர்த்து, முன்போல மூன்று கர்ச்சீப்பையும் போட்டாள். நிற்கிறவர்களிடம் முன்போலவே சண்டை போட்டாள். மும்தாஜ் மட்டும் வரவில்லை. சில வாரம் அப்படியே போயிற்று. வராமலே போய்விடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் வராவிட்டால் அதில் அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்றும் நினைத்தேன்.

நாட்டில் ஒன்றும் மாறிவிடவில்லை. டிவியில் அதே பேச்சுதான். அடுத்த தேர்தலிலும் கோமதி அவள் பக்கம்தான் போடுவாள், நான் என் பக்கம்தான் போடுவேன். ஆனால் சொந்தக்காரங்க குரூப்பில் இப்போதெல்லாம் அவள் அந்த மாதிரிப் படங்களைப் போடுவதில்லையாம். அங்கே யாரோ போட்டதற்கு ஒரு நாள் எதிர்த்துப் பேசிவிட்டாளாம். அவள் மச்சினர் மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம், மழை எதுவும் இல்லாத சாதாரணச் சாயங்காலம், மும்தாஜ் வந்தாள். பெட்டி வாசலில் நின்று எங்கள் பக்கம் பார்த்தாள். கர்ச்சீப் கிடப்பதைப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள். நல்லா இருக்கியா என்று கேட்டேன், இருக்கேங்க்கா என்றாள். கோமதி என்றைக்கும் இல்லாத அதிசயமாக வாயே திறக்கவில்லை. மும்தாஜும் அவளிடம் பேசவில்லை. அந்தப் பட்டுப்புடவை மாசத்தில் மும்தாஜ் பார்த்த தபால்காரர் வேலையை அன்று நான் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு அது சரியாக வரவில்லை.

திண்டிவனத்தில் இறங்கினோம். நான் என் கர்ச்சீப்பை மடித்துக் கோமதியிடம் கொடுத்தேன். மும்தாஜ் தன்னுடையதை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். தன் பையில் போட்டுக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். கோமதியும் அப்படித்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் கையை நீட்டவில்லை.

கேட் பக்கத்தில் மும்தாஜ் நின்றாள். திரும்பி வந்து, கோமதியின் கையைப் பிடித்து அதில் கர்ச்சீப்பை வைத்தாள்.

"நாளைக்குப் போட்டு வைங்கக்கா," என்றாள்.